மலைநாட்டு வீதியில் சைக்கிள் செயின் கைவிட்டால்: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் என் செயின் மூன்று தடவை அறுந்தது. மூன்று தடவையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சந்தியில் இருந்த திருத்தும் கடையில் கொடுத்தேன். பக்கத்துக் கடையில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம் அப்படி இல்லை. இங்கே சைக்கிள் குறைவு, அதனால் சைக்கிள் கடையும் குறைவு. வீதி ஒன்று ஏறும், அல்லது இறங்கும். செயின் அறுந்த சைக்கிளும் இறக்கத்தில் தானாக ஓடும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அக்காவின் மகனுக்கு அப்போது 15 வயது. லிந்துலைக்குக் கீழே ஓர் இறக்கத்தின் தலைப்பில் அவனுடைய செயின் அறுந்தது. அறுந்தபோது அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இனி இறக்கம்தான், மிதிக்க வேண்டியதில்லை என்று எண்ணி ஏறி உட்கார்ந்துவிட்டான். அது பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சில்லு நிற்கும் வகையான பாவித்த சைக்கிள். அந்தப் பிரேக் செயின் வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. முன் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி இரண்டு வளைவு வரை போனான். இரண்டாவது வளைவில் வீதியோரக் கானுக்குள் (வடிகாலுக்குள்) விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான்.

செயினைச் சரிசெய்யும் வேலை பெரும்பாலும் பத்து நிமிட வேலை. அதற்கு முன்னும் பின்னும் எடுக்கும் முடிவுகளில்தான் எலும்பு முறிகிறது. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் முதலில் உடம்பைப் பற்றியும் பிறகு இரும்பைப் பற்றியும் எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பெடலைச் சுற்றுவதை அந்தக் கணமே விடுங்கள். அறுந்த முனை பின்சில்லுக் கம்பிகளுக்குள் போனால் சில்லு பூட்டிக்கொள்ளும், ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். என்ன நடந்தது என்று குனிந்து பார்க்க வேண்டாம். கண் வீதியில் இருக்கட்டும். இரண்டு கைப் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, சீட்டில் சற்றுப் பின்தள்ளி உட்கார்ந்து, இடப்பக்க ஓரத்துக்கு வாருங்கள்.

வளைவுக்குள் நிற்க வேண்டாம். மலைப்பாதையில் இறங்கும் பஸ் வளைவை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும். ஓட்டுநருக்கு உங்களைக் கண்டபின் திருப்ப இடமிருக்காது. ரம்பொடைச் சுரங்கப்பாதை போன்ற இடத்தில் செயின் கழன்றால், உள்ளே நின்று மாட்டாமல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்துவிடுங்கள். பஸ் தரிப்பிடம், தோட்டப் பாதை பிரியும் வாய், கோயில் முன்றல், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவம் (கொட்டகை) ஆகியவை நல்ல இடங்கள். நூறு மீற்றர் தள்ள வேண்டியிருந்தாலும் தள்ளுங்கள். மரத்தடியில் நிறுத்துமுன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். குளவிக்கூட்டின் கீழே நின்று இரும்பைத் தட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து என்பது கொழுந்து பறிப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பின்பக்க விளக்கு இருந்தால் பகலிலும் எரியவிடுங்கள். நானுஓயாவுக்கு மேலே பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பத்து மீற்றருக்கு அப்பால் ஆள் தெரியாது. வளைவுக்கு அருகிலிருந்து நகர முடியாவிட்டால், லொறிக்காரர்கள் செய்வதுபோல, வாகனம் வரும் திசையில் சற்றுத் தள்ளி வீதியோரத்தில் ஒரு பச்சைக் கிளையை ஒடித்துப் போடுங்கள்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று. நாம் ஓடுவது வீதியின் இடப்பக்கம். செயின் இருப்பதோ சைக்கிளின் வலப்பக்கம். ஓரமாக நிறுத்தி அப்படியே குந்தினால் உங்கள் முதுகு வாகனங்களை நோக்கி இருக்கும், செயினோடு சேர்ந்து நீங்களும் வீதிக்குள் இருப்பீர்கள். அதனால் முன்சில்லு போகும் திசையைப் பார்த்தபடியே சைக்கிளைப் பக்கவாட்டில் புரட்டி, சீட்டிலும் ஹான்டிலிலும் தலைகீழாக நிறுத்துங்கள். செயின் தானாக ஓரப்பக்கம் வந்துவிடும். உங்களுக்கும் வீதிக்கும் நடுவில் சைக்கிள் இருக்கும். எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளைத் தலைகீழாக வைக்காமல் வந்த திசையை நோக்கித் திருப்பி நிறுத்துங்கள். அதிலும் செயின் ஓரப்பக்கம் வரும்.

பெடல் திடீரென வெறுமனே சுழல்கிறது

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: செயின் கழன்றிருக்கலாம், அறுந்திருக்கலாம், அல்லது பின்சில்லின் பிரீவீல் (மிதிக்காதபோதும் சில்லைச் சுழலவிடும் பின்பக்கப் பற்சக்கரம்) பிடியை விட்டிருக்கலாம். நிறுத்தியபின் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். செயின் தொங்குகிறதா, காணவே இல்லையா, அல்லது இருந்த இடத்தில் ஒழுங்காக இருக்கிறதா?

செயின் ஒழுங்காக இருக்கிறது, பெடலைச் சுற்றினால் செயினும் ஓடுகிறது, சில்லு மட்டும் அசையவில்லை என்றால் பிரீவீலுக்குள் இருக்கும் சிறிய கவ்விகள் துருவாலோ கெட்டியான கிரீஸாலோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதை வீதியில் திருத்த முடியாது. மெல்லிய எண்ணெய் விட்டுத் தட்டிப் பார்த்தால் சில வேளை பிடிக்கும். ஆனால் ஏற்றத்தில் மறுபடி விட்டுவிடும். தள்ளிக்கொண்டு போய்க் கடையில் கொடுங்கள்.

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது இது நடந்தால் உடம்பின் முழு எடையும் சட்டத்தின் மேல் விழும். அடிவயிற்றிலோ தொடையிடுக்கிலோ பலமாக அடிபட்டிருந்தால், வலி குறைந்ததும் உடனே ஏறி ஓட்ட வேண்டாம், உட்காருங்கள். சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ வலி கூடிக்கொண்டே போனாலோ தாமதிக்காமல் 1990 என்ற சுவசெரிய இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

செயின் கழன்றிருக்கிறது, அறுந்திருக்கவில்லை

பெரும்பாலானோர் சந்திப்பது இதைத்தான். கையை எண்ணெயில் நனைக்காமலே மாட்டலாம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையோரத்தில் மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, கிடக்கும். விரல் தடிப்பில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் வரிகளில் “மேல்”, “கீழ்” என்று நான் சொல்வது நேராக நிற்கும் சைக்கிளுக்கு. தலைகீழாக வைத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கியர் உள்ள சைக்கிளில், பின்சில்லருகே தொங்கும் கியர் மாற்றியின் கீழ்ச்சட்டத்தை முன்னோக்கித் தள்ளினால் செயின் தளரும். தளர்ந்த செயினை மிலாற்றால் தூக்கி, செயின்வீலின் (பெடலோடு சுற்றும் முன்பக்கப் பற்சக்கரத்தின்) அடிப்பகுதிப் பற்களில் இரண்டு மூன்றில் மாட்டி, பெடலைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். ஏறிவிடும். கியர் இல்லாத சாதாரண சைக்கிளிலும் இதே முறைதான். முதலில் பின்பக்கப் பற்சக்கரத்தில் முழுவதுமாக உட்காரவைத்த பின் முன்னால் மாட்டுங்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிரேக் பிடிக்கும் சைக்கிளில் பின்னோக்கிச் சுற்ற முடியாது. அதில் செயின்வீலின் மேல்பகுதியில் இரண்டு பற்களில் மாட்டி, பின்சில்லைத் தூக்கிப் பிடித்து, முன்னோக்கி மெதுவாகச் சுற்ற வேண்டும்.

எந்த வகையானாலும் விரல் செயினுக்கும் பல்லுக்கும் நடுவில் போகக் கூடாது. ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர் செயினைப் பிடிப்பது நம் ஊர்ப் பிள்ளைகளின் வழக்கம். அதை விடச் சொல்லுங்கள். சுற்றுகிற கையும் மாட்டுகிற கையும் ஒரே ஆளுடையதாக இருக்கட்டும். விரல் நுனி போவதற்கு அரைச் சுற்றுப் போதும்.

மாட்டியபின் கையைப் புல்லிலும் துணியிலும் நன்றாகத் துடைத்த பிறகே ரிம்மைத் தொடுங்கள். ரிம்மில் ஏறும் செயின் எண்ணெய் அடுத்த இறக்கத்தில் பிரேக்கை வழுக்க வைக்கும்.

ஒரு தடவை கழன்றால் குழியில் குலுங்கியிருக்கலாம் என்று விட்டுவிடலாம். ஒரே பயணத்தில் இரண்டாவது தடவையும் கழன்றால் காரணத்தைத் தேடுங்கள். சாதாரண சைக்கிளில் செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மொத்த அசைவு சுமார் அரை அங்குலம் இருந்தால் சரி. ஓர் அங்குலம் ஆடினால் தளர்ந்துவிட்டது. 15 மில்லிமீற்றர் ஸ்பேனரால் பின் அச்சின் இரு நட்டுகளையும் தளர்த்தி, சில்லைப் பின்னுக்கு இழுத்து, சில்லு சட்டத்தின் நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். இறுக்கியபின் பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். செயின்வீல் முழு வட்டமாக இல்லாவிட்டால் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளரும். இறுகும் இடத்தில் சற்று ஆட்டம் இருக்கும்படி விடுங்கள். ஸ்பேனர் இல்லையென்றால் மீண்டும் மாட்டிக்கொண்டு சமதரையில் மட்டும் ஓட்டுங்கள்.

கியர் சைக்கிள் வலப்பக்கமாக விழுந்து எழும்பியபின் செயின் கழலத் தொடங்கினால், கியர் மாற்றி தொங்கும் சிறிய காது வளைந்திருக்கும். பின்னாலிருந்து பாருங்கள்: மேலும் கீழும் உள்ள இரு சிறு சக்கரங்களும் பின்பக்கப் பற்சக்கரங்களோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் பெரிய பற்சக்கரத்துக்கு, அதாவது ஏற்றத்துக்கான மிக இலகுவான கியருக்கு மாற்றவே வேண்டாம். மாற்றினால் செயினோ கியர் மாற்றியோ சில்லுக் கம்பிக்குள் போகும். அந்த ஏற்றத்தை நடந்தே ஏறுங்கள்.

பெடல் இறுகிவிட்டது

பலங்கொண்டு மிதிக்க வேண்டாம். செயின் எங்கேயோ ஆப்புப் போல இறங்கியிருக்கிறது. மிதிக்க மிதிக்க ஆழமாகப் போகும். செயின்வீலுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கியிருந்தால், பெடலைப் பின்னோக்கி மெல்ல அசைத்துக்கொண்டே செயினைப் போன வழியிலேயே மேல்நோக்கி இழுங்கள். பின்பக்கப் பெரிய பற்சக்கரத்துக்கும் சில்லுக் கம்பிகளுக்கும் நடுவில் விழுந்திருந்தால் இழுத்து எடுப்பது கடினம். சில்லைக் கழற்றிவிட்டால் செயினைப் பிடிக்கும் இறுக்கம் போய்விடும், கையாலேயே எடுக்கலாம். எடுத்தபின் கம்பிகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு ஆழமாக வெட்டுப்பட்டிருந்தால் அந்தச் சில்லை நம்பி வேகமாக இறங்க வேண்டாம்.

காற்சட்டைக் காலோ, சாரமோ, சேலை முந்தானையோ செயினுக்குள் போயிருந்தாலும் இதே போல் இறுகும். துணியை வெட்டி இழுக்காமல், சைக்கிளை நிறுத்தி, இறங்க முடியாவிட்டால் ஒரு காலை ஊன்றி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். போன வழியே வெளியே வரும். பின்னோக்கிச் சுற்ற முடியாத சைக்கிளில் துணியைக் கத்தரிப்பதுதான் வழி. துணியைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

மிதிக்கும்போது “டக்” என்று வழுக்குகிறது

எண்ணுங்கள். சரியான இடைவெளியில், ஏறக்குறைய இரண்டரைப் பெடல் சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்றால், செயினில் ஒரு கண்ணி இறுகிப்போயிருக்கிறது. சாதாரண 44 பல் செயின்வீலில் செயின் ஒரு முழுச் சுற்று வருவதற்கு அவ்வளவு சுற்று வேண்டும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்தைப் பாருங்கள். மடங்க மறுத்து நிமிர்ந்தபடி வரும் கண்ணி கண்ணுக்குத் தெரியும். அதன் இரு பக்கமும் கட்டைவிரல்களை வைத்துச் செயினைப் பக்கவாட்டில் இப்படியும் அப்படியுமாக மெல்ல வளையுங்கள். இரண்டு மூன்று தடவையில் இளகும். பிறகு ஒரு துளி எண்ணெய் விடுங்கள். இறுகிய கண்ணியை அலட்சியம் செய்யாதீர்கள். பல சமயம் அங்கே கண்ணிகளைக் கோத்திருக்கும் ஊசி ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். அடுத்த ஏற்றத்தில் அறுவது அந்த இடத்தில்தான். ஊசியின் தலை ஒரு பக்கத்தில் தகட்டோடு மட்டமாகவோ உள்ளேயோ போயிருந்தால் அதை அறுந்த செயினாகவே கருதி அந்தக் கண்ணியை நீக்குங்கள்.

பலமாக மிதிக்கும்போது மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட பற்சக்கரத்தில் மட்டும் வழுக்கினால் பல் தேய்ந்துவிட்டது. வேறு கியருக்கு மாற்றி வீடு போய்ச் சேருங்கள். எழுந்து நின்று மிதிக்க வேண்டாம். எல்லாக் கியரிலும் ஒழுங்கின்றிக் கரகரத்துத் தாவினால் கியர் கேபிள் தளர்ந்திருக்கும். கியர் மாற்றியில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகியைக் கால் சுற்று, கால் சுற்றாக வெளிப்பக்கம் திருகிப் பாருங்கள்.

வீட்டில் சாதாரண அடிமட்டம் ஒன்றே போதும். புதிய செயினில் ஓர் ஊசியின் நடுவிலிருந்து அளந்தால் 12 அங்குலத்தில் மிகச் சரியாக இன்னோர் ஊசி வரும், ஏனென்றால் ஊசிக்கு ஊசி அரை அங்குலம். அந்த ஊசி 1/16 அங்குலம் தாண்டி நின்றால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் தாண்டிவிட்டால் செயினோடு பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். அப்போது புதுச் செயின் மட்டும் போட்டால் வழுக்கல் கூடத்தான் செய்யும்.

செயின் அறுந்துவிட்டது

ஏன் அறுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், திருத்தும் விதம் அதிலிருந்துதான் வருகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 170 மில்லிமீற்றர் கிராங்கின் (பெடலைத் தாங்கும் தண்டின்) மேல் முழு எடையோடு எழுந்து நின்றால், 44 பல் செயின்வீலில் செயினுக்கு ஏறும் இழுவை ஏறத்தாழ 115 கிலோ எடைக்குச் சமம். ஏற்றத்துக்காக 30 பல் உள்ள சிறிய செயின்வீலுக்கு மாற்றினால் அதே மிதிக்கு 168 கிலோ. காலுக்கு இலகுவாக இருப்பதால் செயினுக்கும் இலகு என்று எண்ணிவிடுகிறோம். செயினுக்கு அது நேர்மாறு. நல்ல செயின் இதைப் பல மடங்கு தாங்கும். தாங்காதது, முன்பு யாரோ சரியாக இறக்காமல் விட்ட ஊசி, துருப்பிடித்த தகடு, அல்லது எழுந்து நின்று மிதித்தபடியே கியர் மாற்றும்போது பக்கவாட்டில் இழுபட்டு விரிந்த வெளித்தகடு. மலைநாட்டில் செயின் அறுவதற்குக் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய காரணம் என்பது என் அனுபவம். ஏற்றம் தொடங்கும் முன்பே, உட்கார்ந்தபடி, மிதியைச் சற்றுத் தளர்த்திக் கியரை மாற்றுங்கள்.

இனித் திருத்தம். அறுந்த செயின் வீதியில் கிடந்தால் இருபுறமும் பார்த்துப் போய் எடுத்து வாருங்கள். வளைவில் கிடந்தால் வாகனச் சத்தம் ஓயும்வரை காத்திருங்கள். முனைகளைத் துடைத்துப் பாருங்கள். செயின் என்பது உள்தகட்டுக் கண்ணி, வெளித்தகட்டுக் கண்ணி என்று மாறி மாறி வருவது. ஒரே வகையான இரு முனைகளை நேராக இணைக்க முடியாது. இதை நினைவில் வைத்தால் மற்றவை எளிது.

வெளித்தகடு விரிந்து அறுந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஊசியைத் தள்ளும் கருவியான செயின் கட்டரால் அந்த வெளித்தகட்டுக் கண்ணியை முழுவதுமாக நீக்குங்கள். இரு முனையிலும் உள்தகடு இருக்கும். கையாலேயே பூட்டும் இணைப்புக் கண்ணி ஒன்று பையில் இருந்தால் அந்த இடத்தில் அது அப்படியே பொருந்தும். செயினின் நீளமும் குறையாது. பூட்டியபின் இணைப்பைச் செயினின் மேல்வரிசைக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்துங்கள். சொடுக்கும் சத்தம் கேட்டால் பூட்டிக்கொண்டது. இணைப்புக் கண்ணி உங்கள் செயினின் அகலத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். 8 கியர் செயினுக்கு வாங்கியது 10 கியர் செயினில் நிற்காது.

உள்தகடு உடைந்திருந்தாலோ இணைப்புக் கண்ணி இல்லாவிட்டாலோ செயின் ஓர் அங்குலம் குறையும். இணைப்புக் கண்ணி இல்லாமல் சேர்ப்பவர்கள், ஒரு முனையில் உள்தகடும் மறுமுனையில் வெளித்தகடும் மிஞ்சும்படி, பழுதான கண்ணியோடு அதன் பக்கத்துக் கண்ணியையும் சேர்த்து நீக்க வேண்டும். வெளித்தகட்டில் மிஞ்சும் ஊசியை முழுவதுமாக வெளியே தள்ளிவிடாதீர்கள். வெளிப்பக்கத் தகட்டில் நுனி பிடித்திருக்கும்போதே நிறுத்துங்கள். முழுவதும் விழுந்த ஊசியை வீதியோரத்தில் திரும்ப நுழைப்பது மிகக் கடினம். உள்தகட்டை நடுவில் வைத்து, அதே கட்டரால் ஊசியை மெதுவாக உள்ளே செலுத்தி, இரு பக்கமும் ஒரே அளவு துருத்தும்படி நிறுத்துங்கள். இறுகியிருந்தால் பக்கவாட்டில் வளைத்து இளக்குங்கள். 9 கியரும் அதற்கு மேலும் உள்ள மெல்லிய செயின்களில் இப்படித் திரும்ப இறக்கிய ஊசி பலவீனமானது. வீடு சேரும்வரைதான் அதற்கு உயிர். வேலை செய்யும்போது இரு முனைகளும் விலகிப் போகாமல் பிடிக்க, பழைய சில்லுக் கம்பித் துண்டு ஒன்றை இரு பக்கமும் கொக்கியாக வளைத்துப் பையில் வைத்திருங்கள். மூன்றாவது கை போல உதவும்.

குறுகிய செயினோடு ஓட்டும்போது முன்னால் பெரியதும் பின்னால் பெரியதும் சேரும் கியருக்குப் போகக் கூடாது. போனால் செயின் போதாமல் கியர் மாற்றியையே பிய்த்துவிடும்.

கியர் இல்லாத சைக்கிளில், பின் அச்சை முன்னுக்கு நகர்த்த இடமிருந்தால் மட்டுமே செயினைக் குறைக்கலாம். ஓர் அங்குலம் குறைத்தால் அச்சு அரை அங்குலம் முன்னுக்கு வர வேண்டும். இந்தச் சைக்கிள்களில் செயின் அறுவதைவிட, செயினின் இரு முனைகளையும் பூட்டும் செயின் லொக்கின் சிறிய கிளிப் பறந்துபோவதே அதிகம். கிளிப்பின் மூடிய வளைந்த பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மேல்வரிசையில் பார்த்தால் மூடிய பக்கம் முன்னோக்கி, பிளந்த பக்கம் பின்னோக்கி. தலைகீழாகப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும். என் அக்காவின் மகனுடைய செயினில் நடந்தது அதுதான். இரண்டு நாளைக்கு முன் ஒரு கடையில் திருப்பி மாட்டியிருந்தார்கள். கடையிலிருந்து சைக்கிளை வாங்கும்போது இந்த ஒன்றை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஐந்து வினாடி வேலை. கிளிப் தொலைந்தால் ஊசியில் கம்பி சுற்றி ஓட்டுவோர் உண்டு. தள்ளிக்கொண்டு போக முடியுமானால் அதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன். உதிரிக் கிளிப் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் நூலால் கட்டிவைத்தால் இந்தக் கேள்வியே எழாது.

செயின் இல்லை, முன்னால் இறக்கம்

பின்னோக்கி மிதிக்கும் பிரேக் என்றால் நடக்க வேண்டும். முன் பிரேக் நன்றாக இருந்தாலும் நடக்க வேண்டும். ஒற்றைக் கைப் பிரேக் மட்டும் வேலை செய்கிறது என்றாலும் அப்படியே. மழை பெய்கிறது, உங்கள் சைக்கிள் இரும்பு ரிம் உள்ள பழைய வகை என்றால், இரண்டு பிரேக்கும் இருந்தாலும் இறங்கி நடங்கள். நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கத் தொடங்குவதற்குள் வளைவு வந்துவிடும். ஆயிரம் மீற்றர் உயரத்தைத் தாண்டிய எல்லயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியிலும், ஹப்புத்தளையிலிருந்து பெரகல நோக்கி இறங்கும் வீதியிலும் நல்ல சைக்கிளுக்கே பிரேக் சூடேறும். இராவணா எல்ல நீர்வீழ்ச்சியருகே வாகனங்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் எப்போதும் வீதியிலேயே நிற்பார்கள்.

இரண்டு கைப் பிரேக்கும் நல்ல நிலையில், வீதி காய்ந்து, வெளிச்சம் இருந்தால் மெதுவாக உருண்டு இறங்கலாம். அதற்கு முன் செயினை முழுவதுமாகக் கழற்றிப் பையில் போடுங்கள். தொங்கவிட்டு இறங்கினால் கம்பிக்குள் போகும். நடந்து செல்லும் வேகத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். நீண்ட இறக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ரிம்மை ஆறவிடுங்கள். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுடும்.

தள்ளும்போது நீங்கள் ஓரப்பக்கமும் சைக்கிள் வீதிப்பக்கமும் இருக்கட்டும், இரு கையும் பிரேக்கில் இருக்கட்டும். மாலை ஆறு மணிக்குப் பிறகு வெளிச்சம் சட்டென்று போய்விடும். நான்கு மணிக்கு மேல் செயின் அறுந்து, இன்னும் ஆறேழு கிலோமீற்றர் இருக்கிறது என்றால் நடையை நம்பாமல் ஓட்டோவையோ திரும்பிப் போகும் மரக்கறி லொறியையோ மறியுங்கள். முன்சில்லைக் கழற்றினால் சைக்கிள் ஓட்டோவின் பின்னிருக்கையில் குறுக்காக அடங்கும்.

மழைக்குப் பின் கீச்சிடுகிறது

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழை செயினின் எண்ணெயைக் கழுவிக்கொண்டே இருக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசெம்பரை ஒட்டி இதே நிலை. கீச்சிடும் செயின் அன்று அறாது. இரண்டு வாரம் அப்படியே விட்டால் கண்ணிகள் இறுகும். துணியால் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி விட்டு, மேலே வழிவதை மறுபடி துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது ஊசிக்குள். மேலே நிற்பது மணலைத்தான் பிடிக்கும். பழைய எஞ்சின் எண்ணெய் வேண்டாம், அதில் ஏற்கெனவே இரும்புத் தூள் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் போத்தலுக்குள்ளேயே கட்டியாக இருப்பது ஊசிக்குள் எப்படிப் போகும்? தையல் மெஷின் எண்ணெய் நன்றாக உள்ளே போகும், ஆனால் ஒரு மழைக்குத்தான் தாங்கும். கையில் அதுதான் இருந்தால் அதையே விடுங்கள், அடுத்த மழைக்குப் பின் மறுபடி விடுங்கள்.

திருத்தி முடித்துப் புறப்படும்போது

சைக்கிளை நேராக நிறுத்தி, பின்சில்லைத் தூக்கி, பெடலைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். இணைத்த கண்ணி ஒவ்வொரு தடவை வரும்போதும் கவனியுங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்துச் சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பின்னோக்கி மிதிக்கும் பிரேக்கை, சமதரையில் ஏறி ஐந்து மீற்றர் ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே இறக்கத்துக்கு எடுத்துப் போங்கள். அன்றைய நாள் முழுவதும் சீட்டில் உட்கார்ந்தே மிதியுங்கள்.

வீதியில் கிளை போட்டிருந்தால் அதை எடுத்து வேலியோரம் எறிந்துவிட்டுப் போங்கள். இருட்டியபின் வளைவில் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது தெரியாது.